ஒரு வாரத்தில் கல்யாணப் பிளவுஸ் முடியுமா? (ஆரி ஒர்க், நடுவில் திருவாதிரையும் திருவையாறும்)

கேள்வி. ஜனவரி 1, வியாழன், காலை

அக்கா, ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) கிளாஸ் போய் அடிப்படை எல்லாம் கத்துக்கிட்டேன். இப்போ ஒரு கல்யாணப் பிளவுஸ் ஆர்டர் வந்திருக்கு. சமையல், பிள்ளைங்க, மாமியார் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு ஒரு வாரத்தில் முடிக்க முடியுமா? ஒரு வீடியோவில் ரெண்டே நாளில் முடிக்கலாம்னு சொல்றாங்க. எவ்வளவு பணம் கேட்கலாம்?

ஜனவரி 1, வியாழன், மதியம்

ரெண்டு நாளில் முடியும். சமையலுக்கு ஆள், பிள்ளைகளுக்கு ஆள், பக்கத்தில் பீட்ஸ் கோர்த்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால்.

என் ஃபிரேமிலும் இப்போது கல்யாணப் பிளவுஸ்தான் ஏறியிருக்கிறது. அக்கா மகளுக்கு. தை பிறந்ததும் கல்யாணம், அடுத்த வியாழன் டெய்லரிடம் துணி போயாக வேண்டும். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் டெய்லர் வாசலில் நிற்பார்கள். எனவே உன் கேள்விக்கு வாய்ப்பேச்சாகச் சொல்லாமல், இந்த வாரம் வேலை எப்படி நகர்கிறது என்று அவ்வப்போது இங்கேயே எழுதுகிறேன். நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அரக்கு நிறப் பட்டு. முதுகுக் கழுத்தைச் சுற்றி மாங்காய், நடுவில் கொடி. இரண்டு கையிலும் மயில். டிரேசிங் நேற்றே முடிந்தது.

ஜனவரி 1, வியாழன், இரவு

டிரேசிங் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். டிசைனை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் பொடித் துளை போட வேண்டும். துணிமேல் பேப்பரை வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் துளை வழியாக வெள்ளைப் புள்ளி இறங்கும். மண்ணெண்ணெய் ஆவியாகிப் போய்விடும், பவுடர் மட்டும் நிற்கும். குழைவு தண்ணியாக இருந்தால் பட்டில் பரவிவிடும். ஒரு துண்டுத் துணியில் பார்த்துவிட்டு அப்புறம் பிளவுஸில் கை வை.

அதற்கும் முன்னால் ஒன்று. துணியை வெட்டாதே. அளவு பிளவுஸை வைத்து டெய்லரையே கழுத்து, கை, அக்குள் எல்லாம் மார்க் பண்ணித் தரச் சொல். தையல் விழும் கோட்டுக்கு அரை அங்குலம் உள்ளேயே உன் வேலை நிற்க வேண்டும். கோட்டின்மேல் பீட்ஸ் இருந்தால் மெஷின் ஊசி உடையும், டெய்லர் உன்னைத்தான் திட்டுவார். அவர் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது.

துணியை ஃபிரேமில் இழுத்துக் கட்டிவிட்டு விரலால் தட்டிப் பார். தவில் வலந்தலை மாதிரி டங்கென்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் சங்கிலித் தையல் சுருங்கி, ஃபிரேமிலிருந்து எடுத்ததும் துணி அப்பளம் மாதிரிப் பொரிந்துவிடும்.

ஜனவரி 2, வெள்ளி, இரவு

இன்று ஒரு தையல்கூடப் போடவில்லை. திருச்சி.

ஆன்லைனில் ஆன்டிக் கோல்டு சர்தோசி (வெட்டிக் கோர்க்கும் சுருள் கம்பி) ஆர்டர் போட்டிருந்தேன், வந்தது செம்பு நிறம். படத்தில் ஒன்று, பொட்டலத்தில் ஒன்று. திருப்பி அனுப்பி அடுத்தது வருவதற்குள் பெண்ணுக்குத் தாலியே கட்டிவிடுவார்கள். காலையில் சோறும் குழம்பும் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். தஞ்சாவூரிலும் சாமான் கிடைக்கும், ஆனால் நாலு மாதிரி நிறத்தைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் தெப்பக்குளம் பக்கம் போனால்தான் எனக்கு மனசு ஆறும். என்.எஸ்.பி. சாலையில் பொங்கல் கூட்டம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. துணிக்கடைக்காரர்கள் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறை.

வாங்கியது: ஆன்டிக் கோல்டு சர்தோசி, அதே நிறத்தில் சுகர் பீட்ஸ், பச்சைக் கட் பீட்ஸ், வெள்ளைக் குந்தன் கல், சேலையின் மயில்கழுத்து நிறத்தில் பட்டு நூல். சேலை முந்தானையின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்துப் பர்ஸில் கொண்டுபோயிருந்தேன். கடை டியூப்லைட்டை நம்பாமல், நூல்கண்டை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். போன் படத்தைக் காட்டி நிறம் கேட்காதே, தங்கச்சி. போன் எல்லா நீலத்தையும் ஒரே நீலமாக்கிவிடும்.

இந்த ஒரு நாளுக்கு யார் கூலி தருவார்கள்? வீடியோவில் சொன்னவர் இந்த நாளை எந்தக் கணக்கில் எழுதினார் என்று தெரியவில்லை.

ஜனவரி 3, சனி, மாலை

இன்று திருவாதிரை. "திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி" என்று அத்தை விடியற்காலையிலேயே எழுப்பிவிட்டார். அரிசியும் பாசிப்பருப்பும் அவர் வறுக்க, நான் ரவை பதத்துக்கு உடைக்க, வெல்லப்பாகு, தேங்காய், நெய், ஏலக்காய். கூட்டுக்குப் பூசணி, பரங்கி, அவரை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, மொச்சை. மொச்சையை உரித்த கையோடு பட்டுத் துணியைத் தொட முடியாது. நகக்கண் எல்லாம் கறை. சேனை அரிப்பு தனி.

அரையாண்டு லீவு வேறு. சின்னவன் வீட்டில். வேலை பூஜ்யம்.

ஜனவரி 3, சனி, இரவு பத்தரை

பூஜ்யம் இல்லை. எல்லாரும் படுத்தபிறகு ஒரு மாங்காய்க்கு வெளிக்கோடு மட்டும் ஜரியில் போட்டேன். ராத்திரி வெளிச்சத்தில் அரக்குத் துணியில் ஜரிக்கோடு போடலாம், பட்டு நூல் நிரப்பலை மட்டும் பகலுக்கு வைத்துக்கொள். அடர்நிறத்தில் அடர்நிறம் விளக்கு வெளிச்சத்தில் கண்ணை ஏமாற்றும்.

ஜனவரி 4, ஞாயிறு, மதியம்

மூத்தவள் வயலின் கற்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. புதன்கிழமை திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. பாட்டு டீச்சர் தன் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போகிறார், பஞ்சரத்னம், அதாவது தியாகராஜரின் ஐந்து கீர்த்தனை, பாடும் கூட்டத்தில் உட்கார. ஆக வீட்டில் நாலு நாளாக நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அந்த ஐந்தின் ராகம் தவிர வேறு சத்தமே இல்லை. கேட்டுக் கேட்டு சின்னவன் குளியலறையில் 'எந்தரோ மகானுபாவுலு' பாடுகிறான். சாகித்யம் முழுக்க அவன் சொந்தக் கற்பனை.

நான் ஜன்னலோரம் ஃபிரேமோடு, அவள் எதிரே தரையில். வயலின் தலையை வலது கணுக்கால்மேல் வைத்துக்கொண்டு இழுக்கிறாள். வில்லுக்கு ரோசின் தேய்க்கிறாளா, அந்த வெள்ளைத் தூள் காற்றில் வந்து என் அரக்குப் பட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஈரத்துணியைக் கொண்டுபோனால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் மெல்லத் தட்டி எடுத்தேன். அப்புறம் அவளை ஹாலின் அந்தக் கோடிக்கு மாற்றியாயிற்று.

அப்போதுதான் கவனித்தேன், அவள் வாசிக்கும்போது என் கை சீராக ஓடுகிறது. ஐந்தும் ஆதி தாளம். அந்த எட்டு அட்சரம் மாறுவதே இல்லை, அதனால்தான் நூற்றுக்கணக்கான பேர் ஒத்திகை இல்லாமல் ஒன்றாகப் பாட முடிகிறது. சங்கிலித் தையலுக்கும் அதேதான். ஊசி இறங்கும், அடியில் இடது கை கொக்கியில் நூலைச் சுற்றும், அரைத் திருப்பு, மேலே இழுப்பு. கண்ணி எல்லாம் ஒரே நீளம் இருந்தால்தான் கோடு கோடாகத் தெரியும். காலம் ஓடினால் கண்ணி நீளும்.

ஜனவரி 4, ஞாயிறு, மாலை

மேலே அவ்வளவு அழகாக எழுதிவிட்டு எழுந்து காபி போடப் போனேன். சின்னவன் வந்து ஃபிரேமில் தொங்கிய நூல் முனையைப் பிடித்து "இது என்னம்மா" என்று இழுத்திருக்கிறான். இடது கையின் மயில் தோகைக் கோடு முழுக்க சர்ரென்று அவிழ்ந்து அவன் கையில் சுருளாக.

சங்கிலித் தையலின் குணமே அதுதான். கடைசிக் கண்ணியை முடிச்சுப் போட்டுப் பூட்டாவிட்டால் ஒரு முனையை இழுத்தாலே கோடு மொத்தமும் போய்விடும். ஆனால் இதில் ஒரு வசதியும் உண்டு: கோணலாகப் போன கோட்டைக் கத்தரிக்கோல் வைக்காமல் பிரிக்கலாம். அந்தத் தோகை எனக்கே கொஞ்சம் கோணலாகத்தான் பட்டது. அவனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு, இரவு

"ஐந்தையும் மகள் வாசிக்கிறாளா, வராளியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார், கொஞ்சம் கிண்டலாக. தெரியாதவர்களுக்கு: வராளியை குரு நேரே உட்கார்ந்து சிஷ்யருக்குச் சொல்லித்தந்தால் இருவருக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. டீச்சர் வராளியில் உள்ள 'கனகன ருசிரா'வை மட்டும் "கேட்டுப் படிச்சுக்கோ" என்று விட்டுவிட்டார். இவள் போனில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். போனுக்கு ஏதாவது ஆகுமா என்று பார்க்கிறோம். இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 5, திங்கள், மதியம்

லீவு முடிந்தது. பள்ளி வேன் தெருமுனை திரும்பியதும் ஃபிரேமைப் பிரித்தேன்.

காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரை. நடுவில் ஒருமுறை அத்தைக்கு மாத்திரை, ஒருமுறை கேஸ் சிலிண்டர். மற்றபடி யாரும் கூப்பிடவில்லை. வியாழனிலிருந்து ஞாயிறு வரை சேர்த்துச் செய்ததைவிட இன்று ஒரு காலையில் செய்தது அதிகம். முதுகு மாங்காய் எல்லாவற்றுக்கும் லோடு ஒர்க் முடிந்தது. லோடு என்றால், அடியில் பருத்தி நூலை நெருக்கமாக ஓட்டி மேடு கட்டி, அதன்மேல் பட்டு நூலைக் குறுக்கே நெருக்கி நிரப்புவது. மேடு ஓரத்தில் குறைவாக, நடுவில் அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாங்காய் தட்டையாக, மாவடு மாதிரி நிற்கும்.

உன் கேள்விக்கு இப்போது கொஞ்சம் சரியாகப் பதில் சொல்ல முடிகிறது. நாள் கணக்கில் யோசிக்காதே. ஒருமுறை உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் எழாமல் இருக்க முடியும், அதுதான் கணக்கு. கால் மணி நேரமாகக் கிடைக்கும் எட்டுத் துண்டு இரண்டு மணி நேரம் ஆகாது. ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவித் துடைத்து, விட்ட இடம் தேடி, நூல் இழுப்பின் இறுக்கம் கைக்குத் திரும்பி வரவே பத்து நிமிடம் போகிறது.

நான் இந்த வாரம் பாட்டை வைத்து அளக்கிறேன். பஞ்சரத்னம் ஐந்தும் ஓடி முடிய முக்கால் மணிக்கு மேல் ஆகும். அது முடிந்ததும் எழுந்து, கண்ணைக் கழுவி, ஜன்னல் வழியே தூரத்து வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவது. கழுத்துப் பிடிப்பு இந்தத் தடவை வரவில்லை.

ஜனவரி 5, திங்கள், இரவு

வீட்டுக்காரர் மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "நான் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை வேலை ஓடவில்லை, நான் ஆபீஸ் போன திங்கள் ஓடியது. இதை ஊருக்கே சொல்லியாயிற்றா?" என்கிறார். ஆமாம்.

ஜனவரி 6, செவ்வாய், பகல்

இன்று தெருவில் பராமரிப்பு வேலைக்காக மின்தடை. ஃபேன் இல்லை, ஆனால் மார்கழி, பரவாயில்லை. ஜன்னல் வெளிச்சம் போதும். வேலைக்கு நல்ல நாள். மின்சாரம் இல்லையென்றால் டிவியும் இல்லை, அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீட்ஸ் பிரித்துத் தருகிறார். கட் பீட்ஸில் ஓரம் உடைந்தது நாலைந்து எப்போதும் இருக்கும். அதைத் தெரியாமல் கோர்த்துவிட்டால் கூர்முனை நூலை அறுத்துவிடும், உடுத்துகிறபோது கல் கல்லாகக் கொட்டும். அத்தைக்குக் கண் மங்கல்தான், ஆனால் விரலால் தடவியே உடைந்ததைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

சர்தோசி வெட்டும்போது ஒரு வெல்வெட் துண்டுமேல் வைத்து வெட்டு. அது ஸ்பிரிங் மாதிரிச் சுருள் கம்பிதானே, கத்தரி பட்டதும் தெறித்து ஓடும். வெல்வெட்டில் விழுந்தால் அங்கேயே நிற்கும். இழுத்துவிடாதே, சுருள் பிரிந்தால் திரும்பச் சேராது. எல்லாத் துண்டும் ஒரே அளவு வரவேண்டும் என்று ஒரு தீக்குச்சியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 6, செவ்வாய், மாலை

"ஆரி நம்ம ஊர் வேலையா, வடநாட்டு வேலையா" என்று கேட்டிருக்கிறார்கள். குஜராத்தின் கட்ச் பக்கம் மோச்சி என்கிற தோல் வேலை செய்யும் சமூகத்தார், தோலில் தைத்த கொக்கி ஊசியைத் துணிக்குக் கொண்டுவந்து வளர்த்த வேலை. நம்ப முடியாவிட்டால் உங்கள் தெருமுனையில் செருப்பு தைப்பவர் கையைப் பாருங்கள். மரப்பிடி, நுனியில் கொக்கி, அடியிலிருந்து நூலை வாங்கி மேலே இழுப்பது. நம் ஊசியின் அண்ணன் அது. சர்தோசி முகலாயர் அரண்மனைகளில் செழித்தது, லக்னோ சர்தோசிக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்தது.

நம்ம ஊர் வேலை வேண்டுமென்றால் தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். வண்ணத் துணியை வெட்டி வைத்துத் தைக்கும் வேலை, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொத்து. அதைப் பிளவுஸில் செய்து பார்க்கலாமா என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. அக்கா மகளிடம் சொன்னேன். "சித்தி, என்னைத் தேரோட விடப் போறீங்களா" என்றாள். விட்டுவிட்டேன்.

ஜனவரி 7, புதன், காலை எட்டரை

மகளும் அப்பாவும் விடிகாலையே திருவையாறு கிளம்பியாயிற்று. நான் ரேடியோ. வானொலியில் நேரடி ஒலிபரப்பு உண்டு. வலது கை மயிலின் கண், கழுத்தில் கொஞ்சம் குந்தன், இவ்வளவுதான் பாக்கி.

ஜனவரி 7, புதன், பதினொன்று

முடிந்தது. முதல் கீர்த்தனை 'ஜகதானந்தகாரக' ஆரம்பித்தபோது குந்தன் ஒட்டி முடித்து, சுற்றி ஜரி கட்ட ஆரம்பித்தேன். கடைசியாக ஸ்ரீ ராகம் வந்தபோது கடைசி முடிச்சு. கணக்காக நடந்தது என்று பெருமையடிக்கலாம், ஆனால் நடுவில் கனகன ருசிரா முழுக்க வாசலில் கீரைக்காரம்மாவிடம் நின்றேன்.

கூட்டத்தில் பெண்களின் குரலும் வந்தது. அங்கே தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியெழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அப்படியிருந்தும் அங்கே பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனிக் கோஷ்டியாகவே ஆராதனை நடத்தினார். பல வருடம் கழித்துத்தான் எல்லாம் ஒன்றாயிற்று. 1952இல் அவர் மறைந்தார். அவருக்கும் அங்கேயே, தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி இடம். மகளிடம் இதை நேற்றிரவு சொன்னேன். "அப்போ நான் முன்னாடி வரிசையில உட்காரணும்" என்றாள். எந்த வரிசையில் உட்கார்ந்தாள் என்று வந்தால்தான் தெரியும்.

ஜனவரி 7, புதன், மாலை

நடு வரிசை. வயலின் வெளியே எடுக்கக்கூட இடம் இல்லையாம், பாடிவிட்டு வந்தாள். வராளியில் எல்லாரும் சத்தமாகப் பாடினார்களாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் அப்பா திருவையாறு போனதன் முழுப் பலன் ஒரு கிலோ அசோகா அல்வா. இவ்வளவு நெய் இருக்கும் பொட்டலத்தை ஃபிரேம் பக்கத்தில் வைத்தார் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

இப்போது பணம். எனக்குப் பொருள் செலவு ஆயிரத்துச் சொச்சம், திருச்சி பஸ் தனி. உட்கார்ந்த நேரம் கூட்டினால் முப்பது மணிக்கு மேல். நான் மணிக்கு 80 ரூபாய் போடுவேன், வீட்டு வேலை செய்யும் அம்மாவும் இங்கே ஏறக்குறைய அதுதான் வாங்குகிறார். ஆக மூவாயிரத்தைந்நூறுக்குக் கீழே யாராவது கேட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடு. அக்கா மகள் என்பதால் நான் வாங்கவில்லை, அது வேறு. உனக்கு முதல் ஆர்டர் என்பதற்காகக் குறைக்காதே. முதல் பிளவுஸுக்கு வாங்கிய தொகையைத்தான் அந்தத் தெருவே உன் விலை என்று நினைத்துக்கொள்ளும். பாதிப் பணம் முன்பணமாக வாங்கு. பட்டும் டிசைனும் அவர்கள் சம்மதித்த பிறகுதான் ஊசி இறங்க வேண்டும்.

நாள் கேட்டால், பத்து நாள் சொல். ஏழில் முடித்தால் உனக்கு நல்ல பெயர்.

ஜனவரி 8, வியாழன்

துணியை ஃபிரேமிலிருந்து இறக்கி, பின்பக்கம் லேசாக ஒரு வெள்ளைத் துணி போட்டு இஸ்திரி. முன்பக்கம் இஸ்திரி படவே கூடாது, சர்தோசி நசுங்கும். மல் துணியில் சுற்றி டெய்லரிடம் கொடுத்தாயிற்று. அவர் அக்குள் பக்கம் டேப் வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். லைனிங் என்ன நிறம் என்று மட்டும் கேட்டார். அரக்கு என்றேன், சந்தனம்தான் இருக்கிறது என்றார், அப்புறம் எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. அரக்கு லைனிங் வாங்கக் கீழவாசல் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

துவைப்பது பற்றிக் கேட்டிருந்தவருக்கு: துவைக்காதீர்கள். உடுத்திக் கழற்றியதும் நிழலில் காற்றாட விட்டு, உட்புறத்தை வெளியே திருப்பி மல் துணியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை ஜரியோடு சேர வேண்டாம்.

தங்கச்சி, உன் ஆர்டருக்கு டிசைன் என்ன என்று நீ இன்னும் சொல்லவேயில்லை.